இரண்டு கம்பி முனைகள்

அத்தியாயம் பதினொன்று

வண்டு ஊமையானது சனிக்கிழமை சாயங்காலம்.

வண்டு என்று அந்த வீட்டில் பெயர் வைத்திருந்தது கைக்கு அடக்கமான ஒரு கருவிக்கு. பார்க்க டார்ச் விளக்கைப் போல இருக்கும். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்த பிறகு, அந்த வீட்டுப் பெரியவரான கண்டக்டருக்கு மருத்துவமனையில் சொல்லி வாங்கித் தந்தார்கள். தாடைக்குக் கீழே வைத்துப் பொத்தானை அழுத்தினால் ரீங்காரம் வரும். அப்போது உதட்டையும் நாக்கையும் அசைத்தால் அந்த ரீங்காரமே வார்த்தையாகும்.

இத்தனை வாரமாக இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்குக் கண்டக்டரின் பிடிவாதம் தெரியும். பேருந்தில் வாய் ஓயாமல் பேசி வேலை பார்த்துச் சளைக்காதவர், அந்த இரும்புக் குரலுக்கு வெட்கப்பட்டார். எதிர்வீட்டுக் குழந்தை ஒருமுறை அதைக் கேட்டு அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. அதிலிருந்து வண்டு அலமாரிக்குள் போய்விட்டது. வீட்டில் அவர் பேசுவதெல்லாம் விரல் முட்டியால்தான். மேசையில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, போதும், வேண்டாம். இரண்டு தட்டு தட்டினால் சரி, மேலே போ. பேருந்தில் மணிக்கயிற்றை இழுத்த காலத்துக் கணக்கு அது. ஒரு மணிக்கு வண்டி நிற்கும், இரண்டு மணிக்குக் கிளம்பும்.

அவருடைய மகளுக்கும் அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் பள்ளி விட்டு அப்பாவின் வண்டியிலேயே வீட்டுக்கு வருவாள். கடைசி நிறுத்தம் வந்ததும் அவளைத் தூக்கிக் கயிற்றைக் கையில் கொடுப்பார். வாலு என்று அவளுக்கு அவர் வைத்த பெயர், கல்யாணமாகியும் போகவில்லை.

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது வாலுவுக்குத் தெரியவே தெரியாது.

கணவனோடு தூரத்து ஊருக்குப் புறப்பட்ட அன்று அப்பா பேருந்து நிலையம் வரை வந்தார். யாரை வழியனுப்பினாலும் வாய் நிறையப் போயிட்டு வா என்று சொல்லுகிறவர், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. குரல் கட்டிப்போய் ஒரு வாரமாகியிருந்தது. அதை வெளியே காட்டினால் பெண் பயணத்தை நிறுத்திவிடுவாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். தான் அவ்வளவு தூரம் போவது பிடிக்காத கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிறகு எல்லாம் வேகமாக நடந்துவிட்டது. அவளிடம் சொல்லக் கூடாது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே மகனிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதற்குப் பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் கூப்பிடுவாள். அப்பா வெளியே போயிருக்கார், அப்பா தூங்கறார் என்று அண்ணன் சொல்லுவான்.

வெள்ளிக்கிழமை வந்த செய்தி வேறு மாதிரி இருந்தது. மாப்பிள்ளைக்கு மலைமேல் சாலை போடும் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே போன் எடுக்காது. திங்கட்கிழமை கிளம்புகிறார்கள். ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுவேன் என்றவள், இதையும் சொன்னாள்.

"அப்பா பேச வேணாம்ணா. கோவமாவே இருக்கட்டும். பக்கத்துல உட்கார்ந்திருக்காருன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

அன்றைக்கே கண்டக்டர் அலமாரியைத் திறந்து வண்டை எடுத்தார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அது வெளியே கேட்டது. வாலு. வாலு. துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

மறுநாளும் அவர் அழுத்திய அழுத்தில்தான் பொத்தான் போயிற்று.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் வண்டை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைகடையாக அலைந்தான். பாதிக் கடைகள் பூட்டியிருந்தன. திறந்திருந்த இடத்தில், இது உடம்புக்கு வைக்கிற சாமான், கைவைக்க மாட்டோம் என்றார்கள். மருத்துவமனையில் கேட்டதற்கு, செய்தவர்களுக்கே அனுப்ப வேண்டும், வர வாரக்கணக்காகும் என்றார்கள். வெயில் ஏறியதும் சட்டை முதுகில் ஒட்ட வந்து நாற்காலியில் சாய்ந்தான்.

"நான் பாக்கறேன்," என்றாள் அவன் மனைவி.

அவள் கண்ணாடிக் கடையில் பில் போடுகிறவள். அந்தக் கடைக்குப் பக்கத்தில் போன், மிக்சி, ரேடியோ எல்லாம் பழுது பார்க்கும் சின்னக் கடை ஒன்று உண்டு. அதை நடத்துகிற பெண்ணை எல்லோரும் கடையக்கா என்பார்கள். மருமகளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள், அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மருமகள் அங்கே போய் உட்கார்ந்து, ஒதுக்கிப்போட்ட சர்க்யூட் பலகைகளில் ஈயம் பற்றவைக்கப் பழகிவந்தாள். எதற்கு இந்த வேலை என்று கணவன் கேட்டபோதெல்லாம் சும்மா என்றே சொல்லியிருந்தாள். தலைமுடியில் புகைவாசனை வருகிறது என்று அவன் கேலி செய்வான்.

வண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவள் அந்தக் கடைப்படி ஏறினாள் என்பதை அவன் இதுவரை யோசிக்கவில்லை. இது என்றைக்காவது கெட்டுப்போகும், அன்றைக்கு மாமாவுக்கு யாரைத் தேடி ஓடுவது என்பதுதான் அவளுடைய கணக்கு. சில பேர் அன்பைச் சொல்லத் தெரியாமல் இப்படி ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டு வைத்திருக்கிறார்கள்.

"உனக்கு இன்னும் கை பழகலை. போன வாரம்தானே விரலைச் சுட்டுக்கிட்ட?"

"பழகலைதான்."

"இருக்கறதும் போயிட்டா?"

அவள் மாமாவைப் பார்த்தாள். கண்டக்டர் மேசையில் இரண்டு தட்டு தட்டினார்.

*

கடையக்கா அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்காகக் கடையைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தாள். போகும்போது, விட்டால் கை மறந்துவிடும் என்று சொல்லித் ஈயம் உருக்கும் தன் சால்டரிங் அயர்னையே பழைய செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, மருமகளிடம் தந்துவிட்டுப் போனாள். கூடவே ஈயக் கம்பி ஒரு சுருள், உருகிய ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் சக்கர், பழகிப் பார்க்க ஒரு டிவிடி பிளேயரின் பலகை. கொடுத்தவளுக்கு அது சின்ன விஷயம். கடவுள் பெரும்பாலும் இந்த மாதிரிச் செய்தித்தாள் பொட்டலங்களில்தான் உதவியைக் கட்டி அனுப்புகிறார்.

சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்தாள். ஜன்னலைத் திறந்துவைத்தாள். அயர்ன் முனையைத் துடைக்கப் பஞ்சை நனைத்து ஒரு மூடியில் வைத்தாள். அயர்ன் சூடாகும்வரை கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் வேண்டிக்கொண்டாள். மாமா எதிர் நாற்காலியில், மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் போட்ட துவாரத்தை மறைத்த மெல்லிய துணியைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தார்.

முதலில் பிளேயரின் பலகையிலிருந்து ஒரு பொத்தானைக் கழற்ற வேண்டும். அதே மாதிரிப் பொத்தான்தான் வண்டுக்குள்ளும் இருந்தது. நாலு கால், நாலிலும் பழைய ஈயம் காய்ந்து மங்கலாகிக் கிடந்தது. பழைய ஈயம் சூட்டுக்கு லேசில் அசையாது. கழற்ற நினைத்தால் முதலில் கொஞ்சம் புது ஈயம் சேர்க்க வேண்டும், புதுசு உருகிப் பழசையும் இளக்கிக் கூட்டிக்கொண்டு வரும் என்பது கடையக்காவின் முதல் பாடம். எடுக்கப் போகிற இடத்தில் எதற்குச் சேர்க்க வேண்டும் என்று அன்றைக்கு இவள் கேட்டாள். "கோவமா இருக்கறவங்ககிட்ட எடுத்ததுமே நியாயம் பேசுவியா? நல்லதா ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தானே ஆரம்பிப்ப?" என்றாள் கடையக்கா.

ஒவ்வொரு காலிலும் ஒரு துளி புது ஈயம் வைத்தாள். அது கண்ணாடித் துளி மாதிரிப் பளபளத்து இளகியது. சக்கரை வைத்து அழுத்தினாள். டக். ஈயம் உள்ளே போயிற்று. நாலாவது காலும் விட்டதும் பொத்தான் தானாகவே போர்வையில் விழுந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் புருவத்தை உயர்த்தி, அவளுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பதுபோல விரலை அசைத்தார். அவள் சிரித்துவிட்டாள்.

வண்டின் ஓட்டைத் திறந்து, கெட்ட பொத்தானையும் அதே பக்குவத்தில் கழற்றினாள். புதிதை வைத்தபோது கால்கள் துளைக்கு நேராக இல்லை. கொஞ்சம் வளைத்து உள்ளே நுழைத்தாள். அயர்ன் முனையைக் காலிலும் பலகையின் செம்பிலும் சேர்த்து வைத்து, இரண்டும் சூடானதும் ஈயக் கம்பியைத் தொட்டாள். நாலு காலும் பளிச்சென்று நின்றன. மகனே எட்டிப் பார்த்து, பரவாயில்லையே என்றான்.

பேட்டரியைப் போட்டாள்.

யாரும் எதையும் அழுத்தவில்லை. வண்டு தானாகக் கத்தத் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் கத்தியது, விட்டாலும் கத்தியது. மேசையில் வைத்தால் மேசையே அதிர்ந்தது. பக்கத்து வீட்டிலிருந்து, மிக்சியை நிறுத்த மறந்துட்டீங்களா என்று குரல் வந்தது.

"உங்களை வாயை மூட முடியாம பண்ணிட்டா உங்க மருமக, பாருங்கப்பா," என்று மகன் சொல்ல, கண்டக்டரின் தோள்கள் சத்தமில்லாமல் குலுங்கின. அந்த வீட்டில் அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

மருமகளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பேட்டரியைப் பிடுங்கிவிட்டு, பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்த நாலு கால்களும் உள்ளுக்குள் இரண்டு இரண்டாகச் சேர்ந்தவை. பொத்தானைப் பக்கவாட்டில் திருப்பி வைத்ததில், அழுத்தாமலே இணைப்பு விழுந்துவிட்டது. கால் துளைக்கு நேராக வராதபோதே யோசித்திருக்க வேண்டும். வளைத்து நுழைக்கும்போதே பொத்தான் சொல்லிப் பார்த்தது, அவள்தான் கேட்கவில்லை. மறுபடி கழற்றித் திருப்பி வைத்தால் சரியாகிவிடும்.

ஜன்னல் வெளிச்சம் சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது. மகன் போனை எடுத்துப் பார்த்து, பிறகு கவிழ்த்து வைத்தான்.

அவசரம் வந்துவிட்டது. புது ஈயம் சேர்க்கும் பொறுமை இல்லை. இப்போதுதானே வைத்தது, நேராகவே இளகும் என்று அயர்னை வைத்தாள். மூன்று கால் விட்டன. நாலாவது கால் அகலமான செம்புப் பட்டையோடு சேர்ந்தது. எவ்வளவு சூடு கொடுத்தாலும் பட்டை அதைக் குடித்துக்கொண்டே இருந்தது. அவள் அழுத்திப் பிடித்தாள். பலகையிலிருந்து கருகிய வாசனை வந்தது.

மேசையில் ஒரு தட்டு விழுந்தது.

அவளுக்குக் கேட்டது. இன்னும் ஒரு நொடி, இதோ இளகப் போகிறது என்று நினைத்தாள். அழுத்திய அழுத்தில் முனை வழுக்கிப் பக்கத்துக் காலில் ஏறியது. பொத்தான் கையோடு வந்தது. அந்தப் பக்கத்துக் காலில், மோதிரம் மாதிரி, பலகையின் செம்பு வட்டமும் உரிந்து வந்திருந்தது.

மருமகள் அயர்னைத் தாங்கியில் வைத்தாள். ஈயம் பிடிக்க இனி அங்கே இடமே இல்லை.

மகன் எதையோ சொல்ல வாயெடுத்தான். நான் அப்பவே சொன்னேன் என்பது நாக்கு நுனிவரை வந்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிவிட்டு, உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான். சொல்லாமல் விட்ட அந்த வார்த்தைக்காக அவனுக்கு எங்கேயாவது புண்ணியம் எழுதப்பட்டிருக்கும்.

"மாமா, நீங்க நிறுத்தச் சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு," என்றாள் அவள்.

கண்டக்டர் கை நீட்டி, உரிந்து வந்த அந்தச் செம்பு வட்டத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு போர்வையின் ஓரத்தில் பத்திரமாக வைத்துவிட்டு அவள் தலையில் கையை வைத்தார். அப்புறம் எழுந்து ஜன்னலருகே போய், திரும்பாமல் நின்றார். அன்றைக்குப் பேருந்து நிலையத்திலும் அவர் அப்படித்தான் நின்றார் என்பது மகனுக்கு நினைவு வந்தது.

*

கல்யாண வீட்டு மேளச் சத்தத்துக்கு நடுவே கடையக்கா போனை எடுத்தாள். மருமகள் அழாமல் சொல்லி முடித்தாள். கடையக்கா திட்டவில்லை. மண்டபத்துக்கு வெளியே வந்திருப்பாள், சத்தம் குறைந்தது.

"எல்லாரும் ஒரு தடவையாவது உரிச்சவங்கதான். நான் முதலாளியோட ரேடியோவையே உரிச்சேன். சுவிட்சுன்னா என்ன, சொல்லு பாப்போம்."

"அழுத்தறது."

"அழுத்தறது நம்ம வேலை. அது பண்றது, ரெண்டு கம்பியைத் தொட வைக்கறது. அவ்வளவுதான். பொத்தான் இல்லேன்னா என்ன, உன் விரல் இல்லையா?"

உரிந்த வட்டத்துக்குப் போகும் மெல்லிய செம்புக் கோடு பச்சைப் பூச்சுக்கு அடியில் இன்னும் இருக்கும், பூச்சைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டினால் செம்பு தெரியும், அங்கே ஒரு கம்பியை ஒட்டு, மறுபக்கக் காலின் இடத்தில் இன்னொன்று என்றாள். பேட்டரியைக் கழற்றிவிட்டே வேலை செய் என்றாள். கடைசியாக, முதலில் தண்ணீர் குடி என்றாள். தண்ணீர் ஏற்கெனவே பக்கத்தில் இருந்தது.

இந்த முறை மருமகள் அவசரப்படவில்லை. மகன் டார்ச் பிடித்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினாள். தலைமுடி அகலத்துக்குச் செம்பு மின்னியது. கம்பியின் நுனிக்கு முதலில் ஈயம் பூசி, செம்புக்கும் ஒரு துளி காட்டி, இரண்டையும் சேர்த்து, சூட்டை எடுத்துவிட்டு, ஈயம் உறையும்வரை அசையாமல் பிடித்திருந்தாள். கை பழகாதவர்களுக்கு இந்தக் காத்திருத்தல்தான் கஷ்டம். சூடு கொடுப்பது யாராலும் முடியும்.

வண்டின் ஓட்டிலிருந்து இரண்டு கம்பிகள் மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பேட்டரியைப் போட்டு, இரண்டு முனைகளையும் விரல் நடுவே வைத்துத் தொட வைத்தாள். ரீங்காரம். விட்டாள். மௌனம். மறுபடி தொட்டாள்.

ஜன்னலருகே நின்றிருந்த முதுகு திரும்பியது. அப்போது போன் மணியடித்தது.

*

போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்கள். கண்டக்டர் வண்டைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். மருமகள் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கம்பிகளை ஒரு கை விரல்களில் ஒன்றோடொன்று படாமல் பிடித்து, அவர் உதடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அவர் வாயைத் திறக்கும்போது தொட வேண்டும், மூடும்போது விட வேண்டும்.

மறுமுனையில் வாலு மூட்டை கட்டிய கதையைச் சொன்னாள். பாத்திரமெல்லாம் கோணியில் போய்விட்டதாம், போனையும் பெட்டியில் வைத்துவிடப் போகிறாளாம். அவசர அவசரமாகப் பேசினாள். பிறகு குரல் தாழ்ந்தது.

"அண்ணா, அப்பா இருக்காரா?"

"இங்கதான் இருக்காரு. பேசு."

கண்டக்டர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். மருமகள் முனைகளைச் சேர்த்தாள்.

"வா... லு."

"அண்ணா, லைன்ல என்னமோ இரையுது. எனக்கு ஒண்ணும் கேக்கலை."

கண்டக்டரின் கை தளர்ந்து வண்டு கழுத்தைவிட்டு நழுவியது. மருமகள் அவர் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். கம்பிகளோடு தயாராக இருந்தாள்.

"வாலு," என்றார் அவர் இன்னொரு முறை. "அப்பா."

அந்தப் பக்கத்தில் பாத்திரம் எதுவோ கீழே வைக்கப்பட்டது.

"அண்ணி," என்றாள் வாலு. "அது யாரு?"

மருமகள் போனைக் கணவன் பக்கம் நகர்த்தினாள். மகன்தான் சொன்னான். சத்தியம் செய்தவன் அப்பாவைப் பார்த்தான். அவர் இரண்டு தட்டு தட்டியதும் சொன்னான். பேருந்து நிலையத்தில் குரல் கட்டியிருந்ததை, ஆஸ்பத்திரியை, தூங்கறார் என்று தான் சொன்ன பொய்களை, இன்றைக்கு வண்டு பட்ட பாட்டை. நீளமாகச் சொல்லவில்லை. அவள் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்பாவுக்குக் கோபமில்லை என்று அவன் சொன்ன இடத்தில் அதுவும் ஒரு கணம் நின்றது.

கண்டக்டர் மருமகளின் பக்கம் தலையசைத்தார். அன்றைக்குச் சொல்லாமல் விட்டது இன்னும் அவரிடமே இருந்தது. அதைச் சொல்லாமல் பெண்ணை அனுப்ப முடியாது. முனைகள் தொட்டன.

"போயிட்டு... வா... ம்மா."

இரும்பில் உரசி வந்த அந்தக் குரலில், ஒரு காலத்தில் வண்டி முழுக்கக் கேட்ட அந்தப் பழைய இழுப்பு அப்படியே இருந்தது. சரிப்பா என்று அவள் சொன்னது பாதிதான் கேட்டது.

பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும். போனை வைக்க மகன் கை நீட்டினான். கண்டக்டர் அந்தக் கையைத் தடுத்தார். வண்டைத் தாடையிலிருந்து எடுத்தார். மருமகளின் விரல்களிலிருந்து இரண்டு கம்பிகளையும் தானே வாங்கிக்கொண்டார். வண்டைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, முனைகளை ஒரே ஒரு முறை தொட வைத்து எடுத்தார்.

ஒரு மணி. நிறுத்தச் சொல்லும் மணி.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். வாய் சொன்னது வேறு. கை சொல்லிவிட்டது.

மறுமுனையில் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று மருமகள் திரையைப் பார்த்தாள், அறுந்திருக்கவில்லை. பிறகு, வெகு தூரத்தில், கட்டி முடித்த ஒரு மரப்பெட்டியின் மேல் விரல் முட்டி படும் ஒலி கேட்டது.

ஒரு தட்டு.

இரண்டாவது தட்டும் வருமா, கிளம்பத்தான் போகிறாளா என்று மூவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டரின் கழுத்திலிருந்த மெல்லிய துணி அசையவே இல்லை.